சுடுநீரில் சர்க்கரை கரைகிறது. இந்தப் பாலிமர் மட்டும் ஏன் திரள்கிறது?

பாலி என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு: பெயர்தான் நீளம். குளிர்ந்த நீரில் கரைந்து தெளிவாக இருக்கும் இது, ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் சட்டென்று வெளுத்துத் திரண்டுவிடும்!

ஏன்? இதன் நீண்ட இழைகளில் நீரை விரும்பும் பகுதிகளும் உண்டு, வெறுக்கும் பகுதிகளும் உண்டு. குளிரில் நீர் மூலக்கூறுகள் இழையைச் சூழ்ந்து பிடித்திருக்கும். சூடேறினால் அந்தப் பிடி விடும். நீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்ட, இழை சுருங்கும்.

இதில் என்ன பயன் என்கிறீர்களா? கலந்து கிடக்கும் பொருட்களைப் பிரிக்கலாம். இந்த இழைகளை நுண்ணிய சிலிக்கா மணிகள்மேல் நட்டு, மணிகளை ஒரு குழாயில் நிரப்புங்கள். மருந்துக் கலவையை நீரோடு செலுத்துங்கள்.

குழாயை ஒரு கடைத்தெருவாக நினைத்துக்கொள்ளுங்கள். குளிரில் கடைகள் அடைப்பு. எல்லோரும் நிற்காமல் போய்விடுவார்கள். சூட்டில் கடைகள் திறக்கும். வாங்கும் ஆசை உள்ளவர் நின்று நின்று போவார். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஸ்டீராய்டு அப்படித்தான். எண்ணெய்த் தன்மை மிகுந்த அது சுருங்கிய இழைகளில் ஒட்டி ஒட்டித் தாமதமாக வரும். அந்தத் தன்மை குறைந்த இன்னொரு ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் முந்திக்கொள்ளும்.

1996-இல் ஜப்பானில் ஹிடெகோ கனசாவா, தெருவோ ஒகானோ குழுவினர் ஸ்டீராய்டுகளை இப்படித்தான் பிரித்துக் காட்டினார்கள். வழக்கமாக இந்த வேலைக்கு மெத்தனால், அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பான்கள் வேண்டும். இங்கே நீரும் சூடும் போதும். நச்சுக் கழிவு குறைகிறதே, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஒகானோவின் ஆய்வகம் இதே பாலிமரை உயிரணு வளர்ப்புத் தட்டிலும் பூசியது. 37 டிகிரியில் ஒட்டி வளரும் உயிரணுக்கள், தட்டைக் குளிர்வித்தால் கிழியாமல் முழுத் தாளாகவே கழன்று வருகின்றன.