கழற்றிப் பார்த்த கதை – 14: முதலில் பல்பைப் பாருங்க

போன வாரம் தீப்பொறி இல்லாமல் நின்றுபோகும் இன்ஜின்களைப் பார்த்தோம். இந்த வாரம் எரிபொருள் வந்து சேராமல் நிற்பவை. இதற்குப் படகைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

தாம்பரத்துக்காரனுக்குப் படகோடு என்ன வேலை என்று கேட்பவர்கள் 2015 டிசம்பரில் இந்தப் பக்கம் இருந்திருக்க மாட்டார்கள். 2ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு தெருவுக்குள் வந்தது. மாடியில் தவித்தவர்களை மீட்கக் கடற்கரைக் குப்பங்களிலிருந்து ஃபைபர் படகுகள் லாரியேறி வந்தன.

அதைப் பார்த்த பிறகுதான் முடிச்சூர் நண்பர் ஒருவர் பழைய ரப்பர் படகும், சிறிய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரும் வாங்கினார். வாங்கியது அவசரத்துக்கு. வெள்ளம் வராத வருடங்களில் அது உல்லாசப் படகாகிவிட்டது. காற்றை இறக்கி, மடித்து, டிக்கியில் திணித்து, வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை வழியாகக் கோவளத்துக்குப் போவோம்.

ஒரு ஞாயிறு, கிளம்பிப் பத்து நிமிடம் அருமையாக ஓடியது. பிறகு இருமியது, திணறியது, நின்றது. கயிற்றை இழுத்தால் ஓடும். இரண்டே நிமிடத்தில் மறுபடி நிற்கும். துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்ததும் நான் ஸ்பேனரும் கையுமாகக் கார்புரேட்டரைக் கழற்ற உட்கார்ந்தேன். பக்கத்தில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். “அத ஏன் சார் நோண்டுறீங்க? மொதல்ல பல்பப் பாருங்க.”

பல்பு என்றால் விளக்கு இல்லை. டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் உருண்டை. பிரஷர் பார்க்க டாக்டர் அமுக்குவாரே, அது மாதிரி. உள்ளே ஒருவழி வால்வுகள் உண்டு. அம்புக்குறி மோட்டாரைப் பார்த்திருக்க வேண்டும். கிளப்பும் முன் அது இறுகும்வரை நாம் அமுக்குகிறோம். அதற்கப்புறம் மோட்டாரின் சொந்த பம்பு இழுத்துக்கொள்ளும். கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறி இறங்குவதில் ஒரு மெல்லிய டயஃப்ரம் துடிக்கும், அவ்வளவுதான் அந்த பம்பு. பெரிய இழுவையெல்லாம் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

எங்கள் பல்பு உறிஞ்சித் தீர்த்த ஜூஸ் பாக்கெட் மாதிரி சப்பிக் கிடந்தது. பெரியவர் டேங்க் மூடியின் நடுவிலிருந்த திருகை அரைச் சுற்றுத் திருப்பினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. பல்பு தானாக உப்பிக்கொண்டது. காரில் பெட்ரோல் வாடை வரக் கூடாதென்று அந்தக் காற்றுத் திருகை இறுக்கியவன் நான்தான். பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே வராவிட்டால், அந்த நோஞ்சான் பம்பு எதை இழுக்கும்?

பல்பு சப்பினால் கோளாறு அதற்குப் பின்னால், டேங்க் பக்கம். கல்லாக இறுகியும் மோட்டார் பட்டினி கிடந்தால் முன்னால்: ஃபில்டர், பம்பு, கார்புரேட்டர் ஜெட். எவ்வளவு அமுக்கினாலும் இறுகவில்லையென்றால் பல்பின் வால்வு போயிருக்கும், இல்லையேல் எங்கோ காற்று புகுகிறது. இந்தக் கடைசிதான் ஆளை அலைக்கழிக்கும். டேங்குக்கும் பல்புக்கும் நடுவே இருப்பது உறிஞ்சும் பக்கம். ஓட்டை இருந்தாலும் பெட்ரோல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கனெக்டருக்குள் வெடித்துப்போன ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்காக நாங்கள் இரண்டு ஞாயிறு இழந்திருக்கிறோம். இதற்குக் குறுக்குவழி, நன்றாக ஓடும் ஒரு மோட்டாரின் டேங்கையும் குழாயையும் இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது. ஓடினால் மோட்டார்மேல் பழியில்லை.

இப்போது பெட்ரோலே ஒரு சந்தேகக் கேஸ். எத்தனால் கலப்பு 2022இல் 10 சதவீதம், 2025இல் 20. தினமும் ஓடும் பைக்கில் பெட்ரோல் தேங்குவதில்லை. வருடத்தில் பத்து மாதம் சும்மா கிடக்கும் படகு அப்படியில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் படியும். உறிஞ்சு குழாயின் வாயும் அங்கேதான்.

இதைக் கண்ணால் கண்டது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது. முடிச்சூரில் மறுபடி தண்ணீர். படகை இறக்கினால் மோட்டார் கிளம்பவில்லை. பல்பு நன்றாக இறுகியது. டேங்கில் முந்தைய வருடத்துப் பெட்ரோல். அதன் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி டார்ச் அடித்தோம். மேலே ஆயில் கலந்த பெட்ரோல் நிறமாக. கீழே இரண்டு விரல் உயரத்துக்கு வேறொரு திரவம், நடுவில் கோடு போட்ட மாதிரி. அடியில் கிடப்பதில் ஆயில் அநேகமாக இருக்காது. அதில் கிளம்பியிருந்தால் பிஸ்டனுக்குத்தான் கேடு. குலுக்கிக் கலக்கிவிடலாமே என்றார் நண்பர். குலுக்கினோம், சற்று நேரத்தில் கோடு திரும்பி வந்தது.

வெளியே போய்ப் பெட்ரோல் வாங்க வழியில்லை. படிக்கட்டின் மேல் ஏற்றி வைத்திருந்த பக்கத்து வீட்டு ஸ்கூட்டரிலிருந்து குழாய் போட்டு இரண்டு லிட்டர் இறக்கினோம். பழையதைக் கொட்டி டேங்கை அலசி, கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்திக் காலி செய்தோம். புதுப் பெட்ரோலில் 40 மில்லி ஆயில், இருமல் மருந்து மூடியால் அளந்து ஊற்றினார் நண்பரின் மனைவி. “திருகத் தொறந்தீங்களாண்ணே?” என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். திறந்திருந்தேன். நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.