சட்டக் கல்விக்கு முந்தைய இளநிலைப் படிப்பு (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் சட்டக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவர், அதற்கு முன்னர் வேறு ஏதேனும் ஒரு துறையில் இளநிலைப் பட்டம் பெறுவது வழமை ஆகும். வழக்கறிஞராவதற்கான பட்டமாகிய ஜே.டி., நான்காண்டு இளநிலைப் படிப்பின் பின்னர் பொதுவாக மூன்று ஆண்டுகள் பயிலப்படுகிறது. அந்த நான்காண்டுகளில் எத்துறையை முதன்மைப் பாடமாகக் கொள்வது என்பது மாணவரின் தெரிவுக்கே விடப்பட்டுள்ளது. "பிரீ-லா" என்ற சொல்லும் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துறையைக் குறிப்பதன்று. சட்டம் படிக்கும் எண்ணமுள்ள மாணவரையும் அவருக்கு வழங்கப்படும் ஆலோசனையையுமே குறிக்கிறது.

இந்தியா, இலங்கை, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் பள்ளிக் கல்வி முடிந்தவுடனேயே சட்டப் படிப்பில் சேர இயலும். இந்தியாவில் பட்டதாரிகளுக்கென உள்ள மூன்றாண்டு எல்.எல்.பி. படிப்பே அமெரிக்க முறைக்கு ஓரளவு நெருக்கமானது.

துறைத் தெரிவு

சட்டக் கல்லூரிகளுக்கு ஏற்பிசைவு வழங்கும் அமைப்பான அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், எந்த ஒரு முதன்மைப் பாடத்தையும் பரிந்துரைப்பதில்லை. மருத்துவக் கல்வியில் நிலைமை இதற்கு நேர்மாறானது. மருத்துவக் கல்லூரிகள் பொதுவாக உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களைக் கட்டாயமாக எதிர்பார்க்கின்றன. சட்டத்தின் அடிப்படைகள் யாவும் சட்டக் கல்லூரியின் முதலாண்டிலேயே தொடக்கத்திலிருந்து கற்பிக்கப்படுவதால், முன்னறிவு தேவைப்படுவதில்லை. நீண்ட உரைகளைக் கூர்ந்து படித்தல், வாதங்களைப் பிரித்து ஆராய்தல், தெளிவாக எழுதுதல் ஆகியனவே எதிர்பார்க்கப்படுகின்றன.

விண்ணப்பிப்போரில் அரசறிவியல் படித்தவர்களே மிகுதி. எனினும் உயர்ந்த நிலையை அடைந்தவர்கள் பல துறைகளிலிருந்தும் வந்துள்ளனர். 2022இல் கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் பதவியேற்றபோது உச்ச நீதிமன்றத்தில் இருந்த ஒன்பது நீதியரசர்களில், ஜான் ராபர்ட்ஸ் உட்பட நால்வர் வரலாறு படித்தவர்கள். கிளாரன்ஸ் தாமஸ், ஏமி கோனி பேரட் இருவரும் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள். முன்னாள் நீதியரசர் சாண்ட்ரா டே ஓ'கானர் பொருளியலும், ஸ்டீபன் பிரையர் மெய்யியலும், ஹாரி பிளாக்மன் கணிதமும் பயின்றனர். இதைக் கொண்டு வரலாறு படித்தால் நீதியரசராகலாம் என முடிவு செய்வது தருக்கப் பிழை. நுழைவுத் தேர்வில் கண்டுபிடிக்கச் சொல்லிக் கேட்கப்படுவதும் இத்தகைய பிழைகளையே.

மதிப்பெண்களின் பங்கு

சேர்க்கையில் பெரும் பங்கு வகிப்பவை இரண்டு எண்கள். ஒன்று எல்சாட் நுழைவுத் தேர்வின் மதிப்பெண். இது 120 முதல் 180 வரை வழங்கப்படும். மற்றொன்று ஜி.பி.ஏ. எனப்படும் இளநிலைப் படிப்பின் சராசரித் தரப்புள்ளி. துறைத் தெரிவின் உண்மையான விளைவு இந்த இரண்டாவது எண்ணிலேயே வெளிப்படுகிறது.

எல்சாட் தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பு, அமெரிக்கக் கல்லூரி ஒவ்வொன்றின் மதிப்பெண்களையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றிச் சராசரியைக் கணக்கிடுகிறது. இக்கணக்கில் பாடத்தின் கடினத்துக்கு எவ்வித ஈடும் இல்லை. எடுத்துக்காட்டாக, மின்பொறியியலில் 3.3 பெற்றவரும் எளிதான பாடங்களைத் தெரிந்து 3.9 பெற்றவரும் விண்ணப்பித்தால், அந்த எண்கள் அவ்வாறே கல்லூரிக்குச் செல்லும். சேர்க்கைக் குழுவினர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து வேறுபாட்டை உணரக்கூடும். ஆனால் சேர்ந்த மாணவர்களின் இடைநிலை ஜி.பி.ஏ.யைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டியுள்ளது. தரவரிசைப் பட்டியல்களும் அதைக் கணக்கில் கொள்கின்றன. ஆகவே பொறியியல் மாணவர் பொதுவாக எல்சாட் தேர்வில்தான் இக்குறையை ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

எல்சாட் தேர்வை, வரம்புக்குட்பட்டு, மீண்டும் எழுதலாம். ஜி.பி.ஏ. அவ்வாறன்று. முதல் இளநிலைப் பட்டத்துடன் அந்த எண் உறைந்துவிடுகிறது. பின்னர் பெறும் முதுநிலைப் பட்டத்தின் மதிப்பெண்கள் அதில் சேர்வதில்லை. தோல்வியுற்ற பாடத்தை மீண்டும் படித்துத் தேறினாலும், பழைய மதிப்பெண் பட்டியலில் பதிவாகியிருந்தால் அதுவும் கணக்கில் கொள்ளப்படும். பதினெட்டு வயதில் பிறரின் வற்புறுத்தலால் ஒரு துறையில் சேர்ந்து முதலாண்டில் தடுமாறியவர், சட்டம் படிக்க முடிவெடுக்கும்போது இதன் விலையை உணர்கிறார். ஆர்வமுள்ள துறையைத் தெரிவு செய்யுமாறு ஆலோசகர்கள் கூறுவது வெறும் உபசார வார்த்தை அன்று.

இந்தியா போன்ற வெளிநாடுகளில் பட்டம் பெற்றவர்களுக்கு எண் வழங்கப்படுவதில்லை. "மிகச் சிறப்பு", "சராசரிக்கு மேல்" என்ற பொருள் தரும் சொற்களாலேயே அவர்களது தரம் குறிக்கப்படுகிறது.

எல்சாட் தேர்வில் இருந்த தருக்கப் புதிர்ப் பகுதி, கணிதமும் கணினியியலும் படித்தோருக்குச் சாதகமானது எனக் கருதப்பட்டது. ஆகத்து 2024 முதல் அப்பகுதி நீக்கப்பட்டு, வாதங்களை ஆராயும் வினாக்களும் வாசிப்பு வினாக்களுமே மதிப்பிடப்படுகின்றன.

காப்புரிமச் சட்டம்

துறைத் தெரிவு ஒரு கதவை உண்மையாகவே மூடக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது பேட்டன்ட் எனப்படும் காப்புரிமம் சார்ந்த பணி. கண்டுபிடிப்பாளர் சார்பில் விண்ணப்பம் தயாரித்து ஐக்கிய அமெரிக்கக் காப்புரிம அலுவலகத்தின் முன் வாதாட, அவ்வலுவலகத்தின் பதிவுத் தேர்வில் தேற வேண்டும். அத்தேர்வை எழுதுவதற்கே அறிவியல் அல்லது பொறியியல் தகுதி வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினியியல், பொறியியல் பட்டங்கள் ஏற்கப்படுகின்றன. வேறு பட்டம் பெற்றவர்கள் போதிய அறிவியல் பாடங்களைத் தனியே முடித்திருந்தால் எழுதலாம். அரசறிவியல் பட்டம் மட்டும் போதாது. சட்டப் பட்டம் இல்லாதவரும் இத்தேர்வில் தேறிக் காப்புரிம முகவராகப் பணியாற்ற இயலும். மாறாக, காப்புரிம மீறல் வழக்கை நீதிமன்றத்தில் நடத்தும் வழக்கறிஞருக்கு இத்தகுதி கட்டாயமில்லை.

சனவரி 2024 முதல் வடிவமைப்புக் காப்புரிமங்களுக்கு மட்டும் தனிப் பதிவு முறை நடைமுறைக்கு வந்துள்ளது. இதன்படி கட்டடக்கலை, தொழிற்பொருள் வடிவமைப்பு, வரைகலை, நுண்கலை ஆகியவற்றில் பட்டம் பெற்றவர்களும் அத்தேர்வை எழுதலாம்.