ஜீப் சத்தம் போட்டால் முதலில் காது கொடுங்கள்



கிணற்று மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே, தண்ணீர் குறைந்துபோச்சு என்று வாசல் கட்டிலில் படுத்தபடி சொல்லிவிடுகிறவர்கள் நீங்கள். அந்தக் காதைக் கொஞ்சம் வண்டிக்கும் கொடுங்கள் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நல்லூரில் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் பழைய மகிந்திரா ஜீப் வைத்திருக்கிறார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. தேங்காய், மாட்டுத் தீவனம், பால் கேன் எல்லாம் அதில்தான். மகிந்திரா கம்பெனி வில்லீஸ் ஜீப்பை நம் நாட்டில் பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்த வண்டிகள் இன்றும் தோட்டங்காடுகளில் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒரு நாள் அவர் வந்து, "ஏனுங்க சார், வண்டி கெளம்பும்போது டங்குனு அடிக்குது. கியர் பாக்ஸை எறக்கோணும்னு சொல்றாங்க. ஒரு மாட்டை வித்தாத்தான் ஆகும்போல இருக்குதுங்க" என்றார். "மாடு இருக்கட்டுங்க. சத்தம் எப்பெப்போ வருதுன்னு முதல்ல பார்க்கலாம்" என்றேன்.

எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். இன்ஜினின் சக்தி கிளட்ச் வழியாகக் கியர் பாக்ஸுக்கு வருகிறது. அதற்கு அடுத்தது டிரான்ஸ்பர் கேஸ். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கம்பிகள் இதற்குத்தான். அங்கிருந்து முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஷாஃப்ட். ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஜாயிண்ட் கிராஸ். ஷாஃப்ட் போய்ச் சேருவது டிபரன்ஷியல். அதிலிருந்து ஆக்சில், சக்கரம். வாய்க்காலில் தண்ணீர் எங்கே கசிகிறது என்று மடை மடையாகப் பார்க்கிற மாதிரி, இதையும் பிரித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வண்டியை நிறுத்தி வைத்து, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிடுங்கள். கிளட்சை மிதித்தால் இரைச்சல் நிற்கிறதா? கியர் பாக்ஸின் முன் பேரிங்கைச் சந்தேகப்படலாம். மிதித்தால்தான் வருகிறதா? கிளட்ச் பேரிங் தேய்ந்திருக்கும். இரண்டுக்கும் செலவு வேறு வேறு.

அடுத்து, ஆள் நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையில் ஓட்டி, நடுவில் நியூட்ரல் போடுங்கள். இன்ஜினை அணைக்க வேண்டாம். சத்தம் உடனே அடங்கினால் கோளாறு இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் பக்கம். அடங்காமல், வண்டியின் வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தால், டிரான்ஸ்பர் கேஸுக்கும் சக்கரத்துக்கும் இடையில் தேடுங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: பழைய ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸ் எப்போதும் கொஞ்சம் முனகிக்கொண்டுதான் ஓடும். அது அதன் குணம். புதிதாக வந்த சத்தம்தான் கணக்கு.

மெதுவாகப் போகும்போது 'கிணுக் கிணுக்' என்று கேட்டால் எண்ணிப் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் நாலைந்து சுற்று சுற்றிவிடும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கேட்டால் சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் பாருங்கள். நாலைந்து தடவை கேட்டால் ஜாயிண்ட் கிராஸ் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கலாம். அதன் மூடியைச் சுற்றிச் செம்மண் மாதிரி துருப்பொடி உதிர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்தால் சத்தம் மாறுகிறதா? டிபரன்ஷியலில் கிரௌன், பினியன் பற்களையும் பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹூம் என்ற இரைச்சல் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பும்போது கூடினால், பாரம் ஏறுகிற வலப்பக்க வீல் பேரிங்கைப் பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி இறங்கி, நாலு ஹப்பையும் புறங்கையால் தொட்டால், ஒன்று மட்டும் கொதிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

சில சத்தம் வண்டியின் குற்றமே அல்ல. தாம்பு ஓட்டும்போது வெளிமாடு அதிகம் நடக்கும், உள்மாடு குறைவாக நடக்கும். சக்கரமும் அப்படித்தான். இடது வலது வித்தியாசத்தை டிபரன்ஷியல் சரிக்கட்டிவிடும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடுகின்றனவே, அதைச் சரிக்கட்ட இந்த ஜீப்பில் ஏற்பாடு இல்லை. அதனால் தார் ரோட்டில் நாலு சக்கர ஓட்டத்தைப் போட்டுத் திருப்பினால் ஷாஃப்ட் முறுக்கேறி 'டக் டக்' என்று உதறும். சேற்றிலும் மணலிலும் மட்டும் அதைப் போடுங்கள். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்று மாட்டவும் கூடாது.

ஓடி வந்த சூட்டோடு ஓடையில் இறக்கிக் கழுவாதீர்கள். சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கியர் ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மாற்றுங்கள். ஆயிலில் இரும்புச் சில்லு தெரிந்தால் அதன் பிறகு ஓட்டவே வேண்டாம்.

இனி, மறந்துவிடக் கூடாத ஒரு சங்கதி. பழைய ஜீப்புகள் பலவற்றில் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. பின் ஷாஃப்டில் இருக்கிறது. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் கைப்பிரேக் போட்டிருந்தும் வண்டி உருண்டுவிடும். ஆகவே சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது வேட்டி, துண்டோடு ஷாஃப்ட் பக்கம் போகவே கூடாது.

நம் விவசாயியின் கதைக்கு வருகிறேன். சத்தம் கிளம்பும்போதும், காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போதும் மட்டுமே வந்தது. இன்ஜினை நிறுத்தி, முட்டுக் கொடுத்து, பின் ஷாஃப்டைப் பிடித்து முறுக்கி அசைத்தோம். முன்முனையில் கிராஸ் லொட லொடவென்று ஆடியது. கியர் பாக்ஸில் ஒரு குறையும் இல்லை. கிராஸை மட்டும் மாற்றினார். மாடு தொழுவத்திலேயே இருக்கிறது.

அதைவிடப் பெரியது ஒன்று உண்டு. அந்தக் கிராஸ் வேகத்தில் உடைந்து, ஷாஃப்டின் முனை ரோட்டில் குத்தியிருந்தால் வண்டியே தூக்கி எறியப்பட்டிருக்கும். கைப்பிரேக்கும் கூடவே போயிருக்கும். தேங்காய் மூட்டை மேல் பிள்ளைகள் உட்கார்ந்து வருகிற வண்டி அது.

ஆகவே மெக்கானிக்கிடம் போகும்போது, "ஏதோ கத்துதுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். நின்றாலா, ஓடினாலா? மிதித்தாலா, விட்டாலா? நேரிலா, வளைவிலா? சக்கரச் சுற்றுக்கு எத்தனை தடவை? இந்த நாலுக்கும் பதிலோடு போங்கள். அவருக்கும் வேலை சுருக்கம், உங்களுக்கும் செலவு சுருக்கம்.