தன்னைத்தானே நிறுத்தும் சக்கரம்

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காணொளியைப் பார்த்துக்கொண்டே தன் 100 சி.சி. பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றி, தேய்ந்த பிரேக் ஷூக்களை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார். ஷூக்களை விரிக்கும் கேமுக்குக் கிரீஸ் வைத்து, டிரம்மை உப்புத்தாளால் தேய்த்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டியாயிற்று. ஒரு நட்டுகூட மிஞ்சவில்லை என்பதில் அவருக்குப் பெருமை. ஆனால் பெடலை மிதித்தால் வண்டி நிற்பதற்கு யோசிக்கிறதாம். "தேய்ந்த ஷூ நன்றாகப் பிடித்தது. புதுசு போட்ட பிறகு ஏன் சார் பிடிக்கவில்லை?"

தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்டால், "ஓட ஓட செட் ஆயிடும்" என்பார். ஏன் என்று மேலும் கேட்டால், ஷூ முழுசாகத் தொடவில்லை, அதனால் பிடி குறைவு என்பார். பள்ளியில் உராய்வுப் பாடத்தைக் கவனித்தவர்களுக்கு இங்கே இடறும். உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்றுதானே படித்தோம்? பிரெஞ்சுக்காரர் அமோந்தோன் 1699-லேயே சொல்லிவிட்ட விதி அது. பாதி ஷூ தொட்டால், அந்தப் பாதியில் இரு மடங்கு அழுத்தம் விழுந்து கணக்கு சரியாகிவிட வேண்டும். ஆகவில்லை. காரணம், டிரம் பிரேக்கில் ஷூவை அழுத்துவது உங்கள் கால் மட்டுமல்ல. ஓடுகிற சக்கரமும் சேர்ந்து அழுத்துகிறது.

தரை துடைக்கும் மாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்தபடி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். அதையே எதிர்ப்பக்கம் தள்ளிப் பாருங்கள். தரை மாப்பை உங்களை நோக்கித் தள்ளும். அந்த விசை கம்பு வழியே ஏறி வந்து உங்கள் தோளில் முட்டும். தோள் நகராது, கம்பு சாய்ந்திருக்கிறது, வேறு வழியில்லாமல் மாப் இன்னும் அழுந்தித் தரையில் பதியும். அழுந்தினால் உராய்வு கூடும், கூடிய உராய்வு மறுபடி அழுத்தும். ஒவ்வொரு சுற்றிலும் சேர்வது முந்தைய சுற்றைவிடக் குறைவு என்பதால் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. கம்பை ரொம்ப நிமிர்த்திப் பிடித்தால் அந்தச் சுற்று நிற்காது. மாப் தரையில் நட்டுக்கொண்டு ஒரு அங்குலம்கூட நகராது.

டிரம்முக்குள் இப்படி இரண்டு மாப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு ஷூவும் ஒரு முனையில் ஆணியில் ஊன்றியிருக்கும், அதுதான் தோள். மறுமுனையைக் கேம் விரித்துத் தள்ளும். சக்கரம் முன்னால் சுழலும்போது ஒரு ஷூவின் மேல் டிரம் கேம் முனையிலிருந்து ஆணியை நோக்கி ஓடுகிறது. இது தள்ளப்படும் மாப். பெயர் லீடிங் ஷூ. மற்றதன் மேல் ஆணியிலிருந்து கேமை நோக்கி ஓடுகிறது. இது இழுக்கப்படும் மாப்; டிரெயிலிங் ஷூ. முன்னதைச் சக்கரம் அமுக்கிவிடுகிறது, பின்னதைத் தட்டிவிடுகிறது. வழக்கமான அளவுகளை வைத்து ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன்: கேம் ஒரே அளவு விசை கொடுத்தாலும் லீடிங் ஷூ மற்றதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பிடிக்கிறது. வீட்டில் வேலை முழுவதையும் ஒருவரே செய்ய, இன்னொருவர் கூட நிற்பதற்கே களைத்துப்போவார், அப்படித்தான். (பழைய புல்லட்டுகள் சிலவற்றின் முன்சக்கரத்தில் இரண்டுமே லீடிங் ஷூவாக இருக்கும். மேட்டில் நின்று பின்னால் உருளும்போது இரண்டுமே ஒரேயடியாகக் களைத்துப்போகும்.)

தாளில் அடுத்து வந்த எண்தான் என்னை உட்கார வைத்தது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கின் உராய்வு எண்ணை 0.35 என்று வைத்திருந்தேன். அதைப் பாதியாக்கினேன். பிடியும் பாதியாகும் என்றுதானே நினைப்போம்? லீடிங் ஷூவின் பிடி மூன்றில் ஒரு பங்காக விழுந்தது. உராய்வு குறைந்தால் சக்கரத்தின் உதவியும் கூடவே குறைகிறது. ஈரத் தரையில் மாப் தள்ளும்போது தோளில் ஒன்றும் முட்டாதது மாதிரி. கேமுக்கு விரல் நுனியில் எடுத்த கிரீஸில் ஒரு துளி லைனிங்கில் பட்டால், அல்லது கேமில் அதிகமாக அப்பிய கிரீஸ் சூட்டில் இளகி வழிந்தால், தப்பின் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் பிரேக் கெடுவது இதனால்தான். லைனிங் நுண்துளைகள் உள்ள பொருள். உள்ளே இறங்கிய எண்ணெயைப் பெட்ரோல் துணியால் துடைத்து வெளியே கொண்டுவர முடியாது. கிரீஸ் ஊறிய ஷூவைத் தூக்கிப் போடுவதே மலிவு.

இப்போது "செட் ஆகும்" சங்கதி. பல ஆண்டு ஓடிய டிரம் உள்ளே தேய்ந்து சற்றே அகன்றிருக்கும். 130 மி.மீ. டிரம்மின் உள்பக்கம் பாருங்கள், அதிகபட்சம் 131 என்பது போல ஓர் எண் வார்ப்பிலேயே இருக்கும். புது ஷூவின் வளைவு புது டிரம்முக்கானது. அகன்ற டிரம்மில் அதன் நடுவயிறு மட்டும் தொடும். சக்கரத்தின் உதவி அதிகமாகக் கிடைக்கும் இடமோ கேம் முனைப் பக்கம். அது தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. என் தாள் கணக்கில் லீடிங் ஷூவின் பிடியில் கால்வாசி இதிலேயே போய்விட்டது. அமோந்தோன் விதி தப்பவில்லை. எவ்வளவு தொடுகிறது என்பதைவிட எங்கே தொடுகிறது என்பதுதான் விஷயம். போதாக்குறைக்கு, சூடு முழுவதும் அந்த நடுவயிற்றில் இறங்கி லைனிங்கில் கண்ணாடிப் பளபளப்பு ஏறிவிடும். மெக்கானிக் சொன்ன "செட்" சில நாள் மிதமாக மிதித்து ஓட்டினால் வரும். முதல் நாளே பயந்துபோய் இறுக்கி மிதித்துக்கொண்டே போனால் பளபளப்புதான் வரும்.

  

"ரேசிங் ஷூ", பிடியைக் கூட்டும் தெளிப்பான், ஷூவில் ரம்பத்தால் பள்ளம் அறுக்கும் வித்தை எல்லாம் காணொளிகளில் வருகின்றன. இவற்றுக்குப் பணம் கொடுக்கும் முன் காசில்லாத மூன்று வேலைகள் இருக்கின்றன. கேமின் கையைக் கழற்றி மாட்டியிருந்தால், கையிலும் கேம் தண்டிலும் உள்ள புள்ளிகள் நேருக்கு நேர் இருக்கின்றனவா? ஒரு பல் தள்ளி மாட்டினாலும், மிதிக்கும்போது கம்பியும் கையும் செங்கோணத்துக்குப் பக்கத்தில் சேராமல் விசை வீணாகும். அடுத்து, ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது பெடலை மிதித்துப் பிடித்திருந்தீர்களா? அப்போதுதான் ஷூக்கள் டிரம்முக்கு நடுவில் வந்து உட்காரும். காணொளியில் இதைக் காட்டுவதே இல்லை, ஏனென்றால் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவது, ஷூக்களைத் தாங்கும் பிரேக் தட்டைச் சட்டத்தோடு கட்டும் கம்பியின் நட்டும் காட்டர் பின்னும் இருக்கின்றனவா? இது மட்டும் விளையாட்டு இல்லை. அது கழன்றால், மிதித்த நொடியில் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுவிடும். ஷூவைத் தேய்க்கும்போதும் டிரம்மைத் துடைக்கும்போதும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்தது.

கிரீஸ் பட்டதா, வளைவுதான் சேரவில்லையா என்பதைச் சக்கரத்தைக் கழற்றாமலே ஓரளவு ஊகிக்கலாம். வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்து, பெடலை ஒருவர் லேசாக அமுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சி.சி. வரையிலான வண்டிகள் பலவற்றில் இந்தப் பெடல் முன் பிரேக்கையும் சேர்த்து இழுக்கும், அதனால் சாலையில் உருட்டிப் பார்ப்பது கணக்கைக் குழப்பும். பின்சக்கரத்தைக் கையால் முன்பக்கம் சுற்றிப் பாருங்கள், பிறகு அதே அழுத்தத்தில் பின்பக்கம். திசை மாறினால் ஷூக்களின் உத்தியோகமும் மாறிவிடும்: லீடிங் டிரெயிலிங்காகும், டிரெயிலிங் லீடிங்காகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தளர்வாக இருந்தால் வளைவையும் கேமின் கையையும் பாருங்கள். பின்னால் சுற்றும்போது மட்டும் சக்கரம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால், முன்னோட்டத்தில் லீடிங்காக இருக்கும் அந்த ஒரு ஷூவில்தான் உங்கள் கிரீஸ் விரல் பட்டிருக்கிறது.