பழைய 'தோஸ்த்' வாங்கலாமா? செஞ்சி விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்ற சொந்த வண்டி வேணும்; புதுசுக்கு பட்ஜெட் இல்லை. அப்போ பழைய அசோக் லேலண்ட் தோஸ்த்?

நிசானுடன் கூட்டு சேர்ந்து 2011-ல் வந்த வண்டி இது. ஓசூர் தயாரிப்பு, சுமார் ஒன்றேகால் டன் ஏற்றலாம். 2016-ல் நிசான் கூட்டிலிருந்து விலகியும் உற்பத்தி நிற்கவில்லை.

பிளஸ்: ஆர்.சி.யில் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் சரக்கு பெர்மிட் தேவையில்லை.

வாங்கும் முன்:

● சேஸிஸில் வெல்டிங் தழும்பு, படுத்துப்போன பட்டை இருந்தால் ஓவர்லோடு அடித்த வண்டி.

● எஃப்.சி. 8 வருஷம் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்க.

● ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், படிவம் 35-ம் என்.ஓ.சி.யும் கைக்கு வராமல் முழுப் பணம் தராதீங்க. பாக்கிக்காக வண்டியைத் தூக்கினால் நஷ்டம் வாங்கினவருக்குத்தான்.