வீட்டுக் கோழியை உறைய வைத்தல்

அமெரிக்கப் பண்ணை வீடுகளில் கோடையில் வளர்த்த கோழிகளை ஒரே நாளில் அறுத்து, பிரீஸர் பெட்டியில் சேமித்துக் குளிர்காலம் முழுதும் உபயோகிப்பவர் பலர். மாதக்கணக்கில் செலவிட்ட தீவனமும் உழைப்பும் வீணாவது பெரும்பாலும் காற்றினாலேயாம். பைக்குள் காற்று தங்கின் மாமிசத்தின் ஈரம் வற்றி, தோல் வெளுத்துச் சக்கையாகும். அதை உண்பதால் தீங்கில்லை, ருசிதான் இராது.

அறுத்தவுடன் உறைய வைத்தலும் பிழையே. ஐஸ் ஜலத்தில் 40 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குளிர்வித்து, ஒரு நாள் ரெபிரிஜிரேட்டரில் வைத்தால் தசையின் விறைப்பு நீங்கும். அவசரப்படுவோர்க்கு ரப்பர் போன்ற இறைச்சியே கிட்டும்.

பின்னர் ஈரத்தைத் துடைத்து, கால்களை உடலோடு சேர்த்துக் கட்டி, சுருங்கும் இயல்புடைய பிளாஸ்டிக் பையில் இடுதல் வேண்டும். காற்று வெளியேற வழிவிட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த வெந்நீரில் சில விநாடிகள் அமிழ்த்தினால், பை தோலோடு ஒட்டிக்கொள்ளும். எலும்பு முனை பையைத் துளைத்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

ஈரலையும் இரைப்பையையும் தனியே கட்டுக. அவை 3 அல்லது 4 மாதங்களுக்கே நன்றாயிருக்கும். முழுக்கோழி 0 டிகிரி பாரன்ஹீட்டில் ஓராண்டு ருசி குன்றாதிருக்கும். ஆதலின் பைமீது தேதி குறித்தல் அவசியம். நன்கு உறையும்வரை பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாகாது. நடுவிலுள்ளவை உறையத் தாமதமாகும்.