தலையணை செய்த தீங்கு

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. ஊரிலிருக்கும் தாயாரோ தந்தையாரோ முழங்கால் வலியால் நடக்கமாட்டாமல் தவிக்கிறார்கள். பிள்ளைகள் அவர்களைத் தம்மிடம் அழைத்து வந்து மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்விக்கிறார்கள். செயற்கை முழங்கால் மூட்டுகளின் விலைக்கு 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. நடுத்தரக் குடும்பத்தாருக்கு அது ஓர் ஆறுதல். ஆயினும், சிகிச்சைக்குப் பின் வரும் ஆறு வாரங்களைப் பற்றி நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாங்களும் எண்ணவில்லை. அதனால் விளைந்ததை, மற்றவர்க்குப் பயன்படும் என்னும் நம்பிக்கையோடு இங்கே எழுதுகிறோம்.

எங்கள் தாயாருக்கு வயது 68. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரில் தனியே வாழ்ந்தவர். மும்பையில் நாங்கள் குடியிருப்பதோ லிப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடி. "அறுத்த காலோடு இத்தனை படி எப்படி ஏறுவேன்?" என்பதே அவருடைய முதற் கவலை.

சிகிச்சை என்பது முழங்காலையே எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதன்று. தேய்ந்துபோன எலும்பு முனைகளைச் சிறிதளவு சீவிவிட்டு, அவற்றின்மேல் உலோகக் கவசம் பொருத்தி, இடையே வழவழப்பான பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைக்கிறார்கள். மருத்துவரின் பணி ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நோயாளியின் பணி அதற்குப் பின்னரே தொடங்குகிறது.

மறுநாட் காலையிலேயே தாயாரை எழுப்பி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடக்கச் செய்தார்கள். பார்த்திருந்த எங்களுக்கு நெஞ்சு பதைத்தது. பயிற்சி அளித்த பிசியோதெரபிஸ்ட் ஒரு மராட்டிய இளைஞர், தமிழ் அறியாதவர். காலை நேராக நீட்டும்படி இந்தியில் "சீதா, சீதா" என்பார். இந்தி அறியாத தாயார், "இந்தப் பிள்ளை யாரைக் கூப்பிடுகிறான்? இராமன் எங்கே?" என்று கேட்க, அந்த வலியிலும் எல்லோரும் சிரித்தோம்.

படியேறும் விதியையும் அவரே கற்பித்தார். ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே. நான்காம் நாள், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதங்களையும் சேர்த்து நிறுத்தி, தாயார் இரண்டு மாடியும் ஏறி வந்துவிட்டார். இனிக் கவலையில்லை என்று நாங்கள் நினைத்தோம். பிழை அங்கேதான் தொடங்கியது.

வீட்டில் அவர் வலியால் முனகும்போதெல்லாம் முழங்காலின் அடியில் மெத்தென்ற தலையணை ஒன்றை வைத்தோம். வலி குறைந்தது, அவர் அயர்ந்து உறங்கினார். "இன்று பயிற்சி வேண்டாம், நாளைக்குச் செய்யலாம்" என்று நாங்களே சொன்னோம். வலி மாத்திரைகள் உடம்புக்குச் சூடு என்று அவர் நிறுத்தியபோதும் தடுக்கவில்லை. அன்பினால் செய்தவைதாம் எல்லாம்.

பதினான்காம் நாள் தையல் பிரிக்கச் சென்றோம். புண் நன்றாக ஆறியிருந்தது. ஆனால் கால் 70 பாகைக்கு மேல் மடங்கவில்லை, முழுதும் நீளவுமில்லை. சிகிச்சைக்குப் பின் மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு வளர்கிறது. அசைவு இருந்தால் அது இளகி நிற்கும். அசைவு இல்லையேல் இறுகிவிடும். தலையணையின்மேல் மடங்கியே கிடக்கும் கால், மடங்கிய நிலையிலேயே நின்றுவிட முற்படும். இப்படியே போனால், மீண்டும் மயக்க மருந்து கொடுத்துக் காலை மடக்கிவிட நேரலாம் என்று மருத்துவர் எச்சரித்தார்.

அன்றிரவு தாயார், "என்னை ஊருக்கே அனுப்பிவிடுங்கள்; உங்களுக்குப் பாரமாக இருக்கமாட்டேன்" என்றார். ஊரில் அவரைக் கவனிக்க ஒருவருமில்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எங்களால் மறுமொழி கூற இயலவில்லை.

மறுநாள் முதல் தலையணை முழங்காலின் அடியிலிருந்து குதிகாலின் அடிக்கு மாறியது. மருத்துவர் சொன்ன மாத்திரையை, பயிற்சிக்கு அரைமணி முன்பாகக் கொடுத்தோம். நாள்தோறும் மும்முறை பயிற்சி: பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், தொடைத் தசையை இறுக்கிப் பிடித்தல், காலை நீட்டியபடி தூக்குதல், நாற்காலியில் அமர்ந்து குதிகாலைப் பின்னுக்கு இழுத்தல். முடிந்ததும் துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கால்மணி நேரம் வைத்தோம். பேரன் ஒரு நோட்டில் நாள்தோறும் கணக்கெழுதினான். பாட்டி ஏமாற்றினால் அதையும் எழுதினான்!

மூன்றாம் வாரம் 80 பாகை. ஆறாம் வாரம் 95. காலும் நேராக நீண்டது. சமதரையில் நடக்க ஏறக்குறைய 65 பாகையும், படிக்கட்டுக்கும் நாற்காலியிலிருந்து எழவும் ஏறக்குறைய 90 பாகையும் வேண்டும் என்பதை நினைத்தால், இந்த எண்களின் அருமை விளங்கும். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. மூன்றாம் மாதம் 115 பாகையில் கைத்தடியும் மூலைக்குப் போயிற்று.

தரையில் சம்மணமிட்டு அமர்வதை மருத்துவர் அனுமதிக்கவில்லை. பூஜைக்கு நாற்காலியில் அமரத் தாயார் முதலில் கூசினார். பிறகு, "படி ஏற வைத்த பெருமாள் இதற்கா கோபித்துக்கொள்வார்?" என்று தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கூறுவோம். கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ, காய்ச்சலோ, புண்ணில் நீர் கசிவதோ கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். திடீரென்று மூச்சுத்திணறலோ மார்வலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையவேண்டும். இரத்தம் உறைந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

மற்றபடி, பெரியவர்களைப் படுக்க வைத்து உபசரிப்பதே பணிவிடை என்று எண்ணியிருந்தோம். கையைப் பிடித்து எழுப்பி நடக்கச் செய்வதும் பணிவிடையே என்பதை அந்த இரண்டு வாரங்கள் எங்களுக்குக் கற்பித்தன. இப்பொழுது காலையில் பால் வாங்கக் கீழே இறங்குபவர் தாயார்தாம். ஊருக்குப் போகும் பேச்சை அதற்குப் பின் அவர் எடுக்கவில்லை.